கடைசி ஃபாரத்தை முதலில் படிப்பவள்

கட்டிங் மாஸ்டருக்குக் கிளைமாக்ஸ் அக்காமேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. நேற்று இன்று வந்ததல்ல, வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் கிடந்து ஊறியது. நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஒரு மனிதன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கதையை முழுசாகப் படித்துவிடுவது என்று உட்காருகிறான். பாதியைத் தாண்டுவதற்குள் ஒருத்தி வந்து அதன் முடிவைப் போட்டு உடைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? அதைத்தான் அவள் செய்தாள். அதுவும் டீயை நீட்டிக்கொண்டே, சிரித்துக்கொண்டே.

மாஸ்டருக்குப் படிப்பு நாலாம் வகுப்பு. அதற்குமேல் பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஒரு வரி முடிந்தால் அடுத்த வரிக்குப் போகுமுன் மூச்சு வாங்கிக்கொள்வார். ஆனால் அச்சகத்தின் கட்டிங் மிஷின் அவர் சொன்னதைக் கேட்கும். ஒட்டி முடித்த புத்தகங்களை அடுக்கி, தட்டி, மூன்று பக்கமும் நறுக்கித் தள்ளுவார். கத்தி இறங்கினால் இம்மி பிசகாது. வார்த்தை இறங்கினாலும் அப்படித்தான். இளவயதில் கல்யாணம் பேசப் போன ஒரு வீட்டில், சுவரில் படம் கோணலாகத் தொங்குகிறது என்று பேச்சுக்கு நடுவே எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பெண் வீட்டார் அதோடு கல்யாணப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். “கோணல்னா கோணல்னு சொல்லணுமா வேணாமா?” என்று இன்றைக்கும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமலே தலை நரைத்துவிட்டது.

கிளைமாக்ஸ் அக்கா மடிப்பு வேலைக்காரி. சின்னப் பெண்ணாக வந்து சேர்ந்தவள். அந்த அச்சகத்துக்குச் சோறு போடுவதே மாதாந்திரக் காதல் நாவல்கள்தான். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மடித்தால் ஒரு ஃபாரம். அப்படிப் பத்துப் பன்னிரண்டு ஃபாரத்தை வரிசையாகச் சேர்த்து அட்டை ஒட்டினால் ஒரு நாவல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிஷின்காரர் எப்போதும் கடைசி ஃபாரத்தைத்தான் முதலில் அச்சடிப்பார். பதிப்பாளர் முகப்புப் பக்கத்தை இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று இழுத்தடிப்பார் என்பதால் முதல் ஃபாரம் கடைசியில்தான் மிஷின் ஏறும். அக்காவோ கை மடிக்க மடிக்கக் கண்ணால் படித்துக்கொண்டே போகிறவள். ஆக, அவள் படித்த கதைகளிலெல்லாம் கல்யாணம் முதலில் நடக்கும். பிறகு சண்டை வரும். அதற்குப் பிறகு காதல் வரும். கடைசியில் இரண்டு பேரும் யாரென்றே தெரியாமல் ஏதாவது ஒரு மழையில் ஒதுங்கி நிற்பார்கள்.

அதனால்தான் அந்தப் பெயர். அறுபதைத் தாண்டிய மிஷின்காரர்கூட அவளை “அக்கா” என்றுதான் கூப்பிடுவார். முதலாளியும் அப்படியே. மாஸ்டர் ஒருவர் மட்டும் “இந்தாம்மா” என்பார், அல்லது தொண்டையைக் கனைப்பார்.

மின்சாரம் நின்றுபோன ஒரு மழைநாளில்தான் மாஸ்டர் அந்த முதல் கதையைக் கையில் எடுத்தார். பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில், பொட்டலம் கட்டும் காகிதத்துக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு படித்தார். கதாநாயகன் கோபித்துக்கொண்டு ரயில் ஏறும் இடம் வந்தது. மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து அக்கா டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“அட, இதுவா! அவன் அடுத்த ஸ்டேஷன்லயே குதிச்சு ஓடி வந்துடுவான் மாஸ்டர். ரொம்ப நல்லா இருக்கும்.”

மாஸ்டர் புத்தகத்தை மூடினார். அதோடு அவர் எந்தக் கதையையும் தொடவில்லை. பல மாதங்கள் அவளிடம் “ம்” என்பதற்குமேல் பேசவும் இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், முன்பும் அவர் “ம்” என்றுதான் பேசிக்கொண்டிருந்தார் என்பதால், அவர் கோபமாக இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

தெரிந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“காதல் கதையில முடிவு தெரியாதவங்க யாரு மாஸ்டர்? அட்டையிலேயே ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டுத்தானே நிக்கறாங்க? சேருவாங்கன்னு தெரிஞ்சுதான் ஜனங்க வாங்கறாங்க. எப்படிச் சேர்றாங்க, அதுதான் விஷயம்.”

“முடிவு தெரிஞ்சா அப்புறம் என்ன எழவுக்குப் படிக்கணும்?”

“பசியாறும்னு தெரிஞ்சுதானே சாப்பிட உக்கார்றோம்? அதுக்காகச் சாப்பிடாம இருக்கமா? சேரவே முடியாதுன்னு நம்மளை நடுவுல நம்ப வெச்சுடணும். அதுதான் கைவேலை. அப்புறம் இன்னொண்ணு. அழகா இருக்கேன்னு எவன் வேணா சொல்வான். அவளுக்கு எது கஷ்டம்னு அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சு வெச்சிருக்கான் பாருங்க, அவன்தான் ஹீரோ.”

“தெரிஞ்சு வெச்சிருந்தாப் போதாதா? வாயால வேற சொல்லணுமா?”

“சொல்லியே ஆகணும். வெளியே வராத காதல் அஜீரணம் மாதிரி மாஸ்டர். அவனுக்கும் அவஸ்தை, பக்கத்துல இருக்கறவங்களுக்கும் அவஸ்தை.”

பசை தடவும் அம்மா சிரித்த சிரிப்பில் பசைக் கிண்ணம் கவிழ்ந்தது. மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினார்.

அவள் சொந்தக் கதையை அவளே ஒரு வரியில் சொல்லிவிடுவாள். அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்தார். தம்பியை மடித்து மடித்தே படிக்க வைத்தாள். நடுவில் ஒருத்தன் வந்தான், நன்றாகப் பேசினான், வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனான், போனவன் போனவன்தான். “அந்தக் கதைக்கு முதல் ஃபாரம் மட்டும்தான் அச்சடிச்சாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுப்பாள். அழுது யாரும் பார்த்ததில்லை. கதையில் வருகிறவர்களுக்காக மட்டும் தாராளமாக அழுவாள்.

தம்பி இப்போது தூரத்து நகரம் ஒன்றில் நல்ல வேலையில் இருக்கிறான். இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது. ஒருநாள் போன் பேசிவிட்டு வந்தவள் கைப்பேசியை மேஜைமேல் கவிழ்த்துவைத்தாள்.

“தம்பி அங்கேயே வந்துடுங்கறான். குழந்தைங்களைப் பார்த்துக்க அவன் மாமியார் இருக்காங்க, அதுக்காக இல்ல. ‘அங்க உனக்குன்னு யாருக்கா இருக்கா?’ன்னு கேக்கறான். என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.”

சொல்லிவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பசை அம்மா மூக்கை உறிஞ்சினாள். மிஷின்காரர் “போயிட்டு வாக்கா, பிடிக்கலேன்னா திரும்பி வந்துடு” என்றார். மாஸ்டர் குனிந்து மிஷினுக்கு எண்ணெய் போட்டார். காலையில்தான் போட்டிருந்தார்.

வீடு பார்த்து வருகிறேன் என்று அவள் தம்பி ஊருக்குக் கிளம்பிப் போன நாளில்தான் அந்தக் கூத்து நடந்தது.

அன்று இரண்டு நாவல்கள் ஒரே சமயத்தில் பைண்டிங்குக்கு வந்திருந்தன. ஒன்றில் தபால் ஆபீஸ்காரி ஒருத்தியும் ஆற்றில் படகு ஓட்டுகிறவனும். இன்னொன்றில் பூக்கடைக்காரி ஒருத்தியும் பல் டாக்டர் ஒருவனும். ஒரே காகிதம், ஒரே எழுத்து, ஒரே அளவு. ஃபாரத்தின் அடியில் வெறும் எண்தான் இருக்கும். எந்த ஃபாரம் எந்தக் கதை என்பது, படித்துக்கொண்டே மடிக்கிற அக்காவின் தலைக்குள் இருக்கும். அவள் இல்லாததால் மேஜை முனையில் நின்று ஃபாரங்களைச் சேர்த்துக் கொடுக்கும் வேலையை மாஸ்டர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டது அவர் கை மட்டும்தான். அவர் மனசு பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தது.

“மாஸ்டர், இது படகா, பல்லா?” என்று பசை அம்மா ஒருமுறை கேட்டாள்.

“எல்லாம் கல்யாணத்துல முடியற கழுதைதானே. ஒட்டு” என்றார்.

ஒட்டினாள். நறுக்கினார். முதல் கட்டு கடைகளுக்குப் போயிற்று.

இரண்டு நாள் கழித்து, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் ஒரு நர்ஸ் அச்சகத்துக்குள் வந்தாள். நாவலை முதலாளி மேஜைமேல் வைத்தாள். வைத்த சத்தத்தில் மிஷின்காரர் மிஷினை நிறுத்திவிட்டார்.

“என் படகுக்காரன் எங்கே?”

“எந்தப் படகுக்காரன்மா?” என்று முதலாளி விழித்தார். “இது அச்சகம்.”

“கதை பூரா இவ படகுக்காரனையே நினைச்சு உருகறா. கடைசிப் பக்கத்துல பார்த்தா ஒரு பல் டாக்டர் தோள்ல சாஞ்சுக்கிட்டு இருக்கா. யார் சார் அந்தப் பல் டாக்டர்? கதையில ஒருத்தருக்குக்கூடப் பல் வலிக்கலையே!”

மாஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

“யாரோ ஒருத்தன்கூடச் சேர்ந்துட்டாள்ல? அப்புறம் என்னம்மா?”

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊசிதானேன்னு எந்தக் கட்டில்ல இருக்கறவனுக்கு வேணா குத்திட்டுப் போக முடியுமா சார்? எனக்கு யாரோ ஒருத்தன் வேணாம். அந்தப் படகுக்காரன்தான் வேணும். ரெண்டு நாளா வார்டுல நின்னுக்கிட்டே படிச்சிருக்கேன்.”

வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பஸ்ஸிலிருந்து நேரே வந்திருந்த கிளைமாக்ஸ் அக்கா, கையில் பையோடு நின்றவள், நிற்க முடியாமல் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“பல் டாக்டரைக் கொண்டுபோய்ப் படகுல ஏத்திட்டீங்களே மாஸ்டர்!”

“என் தப்புதான்” என்றார் மாஸ்டர், முதலாளியைப் பார்த்து. “நானே சரி பண்ணித் தரேன்.”

சரி செய்வது என்றால் விளையாட்டல்ல. அட்டையை ஆவி காட்டி உரிக்க வேண்டும். கடைசி ஃபாரத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து, சரியானதை வைத்து, திரும்ப அட்டை போட்டு, திரும்ப ஒரு நூலளவு நறுக்க வேண்டும். நல்லவேளை, பெரும்பாலான புத்தகங்கள் கிடங்கிலேயே இருந்தன. எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நர்ஸுக்கு முதல் புத்தகம் என்று முடிவாயிற்று. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“தண்டனை வேணும்” என்றாள் அக்கா. “நாங்க உரிக்கறோம். படகுக்காரன் கதையை மாஸ்டர் எங்களுக்குப் படிச்சுக் காட்டணும். முதல் ஃபாரத்துலேர்ந்து. இத்தனை கதை படிச்சிருக்கேன், ஒண்ணைக்கூட முதல்லேர்ந்து கேட்டதில்ல.”

“எனக்குப் படிக்க வராது.”

“நறுக்கத் தெரியுதில்ல? அதே மாதிரி வார்த்தையை நறுக்கி நறுக்கிப் படிங்க.”

படித்தார். அவர் எழுத்துக்கூட்டிப் படித்த வேகத்தில் படகு இந்தக் கரையை விட்டு அந்தக் கரைக்குப் போகவே அரைப்பொழுது ஆயிற்று. “து... துடுப்பை...” என்று அவர் இழுக்கும்போது எல்லோரும் சேர்ந்து துடுப்புப் போட்டார்கள். நர்ஸ் ஷிஃப்டுக்குப் போய்விட்டு மறுநாள் திரும்ப வந்தாள். முடிவு தெரிந்த அக்காவும், முடிவு தெரியாத நர்ஸும், ஒரே இடத்தில் உள்ளங்கையை இறுக்கிக்கொண்டதை மாஸ்டர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் ஓர் இடம் வந்தது. தபால் ஆபீஸ்காரி தினமும் தாமதமாகத்தான் துறைக்கு ஓடி வருவாள். படகு அவளுக்காக நின்றுகொண்டிருக்கும். ஏறியவர்கள் திட்டுவார்கள். படகுக்காரன் வானத்தைப் பார்த்து, “காற்று சரியில்லை, கொஞ்சம் பொறுங்கள்” என்பான். ஒருநாள்கூட அவன் காத்திருந்ததாகச் சொன்னதில்லை. காற்றின்மேல் பழியைப் போட்டுவிடுவான்.

“கா... காற்று சரி...” என்று படித்த மாஸ்டர் அதற்குமேல் படிக்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். திரும்பக் கழற்றினார்.

அக்காவின் கையும் நின்றுவிட்டது. அவள் இடதுகைக்காரி. மடிக்கும் மேஜைகள் எல்லாம் வலதுகைக்காரர்களுக்காகப் போட்டவை. வேலைக்கு வந்த புதிதில் தோள்பட்டை வலி அவளுக்குத் தாங்காது. வெளியே சொன்னதில்லை. ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் அவள் மேஜை மட்டும் திருப்பிப் போட்டிருந்தது. காகிதம் இடப்பக்கம், சுவர் வலப்பக்கம். “யார் திருப்பினது?” என்று கேட்டதற்கு மாஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அந்தப் பக்கம் வெளிச்சம் சரியில்ல” என்று உறுமினார். அதோடு தோள்வலி போயிற்று. வெளிச்சத்துக்காகத்தான் என்று அவள் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது மெதுவாகத் திரும்பித் தன் மேஜையைப் பார்த்தாள். மேலே இருக்கும் விளக்கு நடுக்கூடத்தில் தொங்குகிறது. மேஜையை எப்படித் திருப்பினாலும் ஒரே வெளிச்சம்தான்.

“அப்புறம்?” என்றாள் நர்ஸ். “ஏன் நிறுத்திட்டீங்க?”

“தொண்டை கட்டிக்கிச்சு” என்றார் மாஸ்டர்.

மிச்சத்தைப் பசை அம்மாதான் படித்து முடித்தாள். படகுக்காரன் வாயைத் திறந்து சொன்னான். இருவரும் சேர்ந்தார்கள். நர்ஸ் தன் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

கடைசிப் புத்தகத்துக்கு அட்டை போட்டு முடித்ததும் அக்கா சொன்னாள். “ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். தம்பி டிக்கெட் எடுத்துட்டான். திரும்பவும் அதே கேள்விதான் கேட்டான். நான் பதில் சொல்லல.” இந்தமுறை அவள் எல்லோரையும் பார்க்கவில்லை. ஒருவரை மட்டும் பார்த்தாள். அந்த ஒருவர் எண்ணெய்க் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாஸ்டர் வீட்டில் அவருடைய தங்கை பிடித்துக்கொண்டாள். கீழ்வீட்டில் குடும்பத்தோடு இருப்பவள். அண்ணனுக்குச் சாப்பாடு போடுவதும் அறிவுரை போடுவதும் அவள் வேலை. பசை அம்மா வழியாக அவளுக்கு எல்லாம் வந்து சேர்ந்திருந்தது.

“ஏண்ணே, அறுபது வயசு மிஷின்காரர் அந்தம்மாவை அக்காங்கறார். உன் முதலாளி அக்காங்கறார். அந்தத் தெருவே அக்காங்குது. நீ மட்டும் ஏன் இத்தனை வருஷமா ஒருதடவைகூடக் கூப்பிடல?”

“என்னைவிடச் சின்னவ.”

“தெருவுல விளையாடற சின்னப் பொண்ணைக்கூட நீ ‘வாக்கா, போக்கா’ன்னு கிண்டல் பண்ணுவே. அவளை மட்டும் அக்கான்னு கூப்பிட வாய் வரலை. இல்ல?”

மாஸ்டர் தட்டைப் பார்த்தார்.

“சுவத்துல படம் கோணலா இருந்தா பொண்ணு பார்க்கப் போன வீட்டுலகூட எழுந்து சொல்லத் தெரியுது. இதைச் சொல்லத் தெரியல. நாளைக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு அந்தப் பசையம்மாகிட்ட கேட்டு வெச்சிருக்கேன். சட்டையைத் தேய்ச்சு வெச்சிருக்கேன். போகலேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து நீயே சமைச்சுச் சாப்பிடு.”

ஞாயிற்றுக்கிழமை காலை. பஸ் நிலையத்தில் ஒரே இரைச்சல். அக்கா தகரப்பெட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பஸ் வந்து நின்றாயிற்று. அவள் ஏறவில்லை. பெட்டியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தாள். அப்போது தேய்த்த சட்டையில் ஒருவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தார். அந்த உருவம் ஓடி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. வழியெல்லாம் யோசித்துவைத்த பேச்சு எந்த மூலையில் சிதறியதோ, வாயில் வந்தது இதுதான்.

“போகாதே. கல்யாணம் பண்ணிக்கலாம்.”

பக்கத்தில் வேர்க்கடலை விற்றவன் திரும்பிப் பார்த்தான். கண்டக்டர் படியில் தொங்கியபடி, “ஏறுறீங்களாம்மா, இல்லையா?” என்றார்.

அக்கா மாஸ்டரின் முகத்தையே பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று மாஸ்டர் பயந்தார். சிரிப்பு.

“நீங்க போங்கண்ணே” என்றாள் கண்டக்டரிடம். “தம்பிக்குப் பதில் கிடைச்சிடுச்சு.”

பஸ் போயிற்று. அவள் தகரப்பெட்டியைக் குறுக்கே திருப்பிப் போட்டு ஒரு பாதியில் உட்கார்ந்தாள். மறு பாதியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“மாஸ்டர், இப்போ சொன்னீங்களே, இது கடைசி ஃபாரம். என் தலையெழுத்து, எல்லாக் கதையிலயும் இதுதான் எனக்கு முதல்ல வருது. இதை மடிச்சு ஓரமா வெச்சுக்கறேன், பத்திரமா இருக்கும்.”

“அப்போ சரிதானே? சம்மதம்தானே?”

“மூச்சு விடுங்க. எங்கேயும் ஓடிடமாட்டேன்.” இடதுகையால் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். “உக்காருங்க இப்படி. அந்த மேஜையைத் திருப்பிப் போட்டீங்களே, அந்த நாள்லேர்ந்து ஆரம்பிங்க. அதுக்கும் முன்னாடி ஏதாவது இருந்தா அதுலேர்ந்து. எழுத்துக்கூட்டியே சொல்லுங்க, பரவாயில்ல. நடுவுல முடிவை மட்டும் சொல்லிடாதீங்க.”